ஆட்டிசம் என்று எழுதி மூடப்படும் புகார்கள்

புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கிராமத்தில், பேச்சு வராத 12 வயது ஆட்டிசப் பையன் ஒருவனை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துன்புறுத்தல் ஒரு முதல் தகவல் அறிக்கையாக மாறுவதற்கு எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வரும் அம்மா அவனிடம் ஏதோ மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரிலோ குவைத்திலோ இருக்கும் அப்பா போனில் அதைக் கேட்டு நம்ப வேண்டும். பள்ளியில் ஒருவர் ‘ஆமாம், நானும் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனை மருத்துவர் சட்டையைக் கழற்றி உடம்பைப் பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில் ஒருவர் பேசாத பிள்ளையின் புகாரை எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிப் புதுக்கோட்டையில் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவும் நீதிமன்றமும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இவர்களில் யாராவது ஒருவர் ‘அவன் அப்படித்தான், ஆட்டிசம் உள்ள பிள்ளை’ என்று சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். ஆட்டிசம் உள்ளவர்கள் மீதான வன்முறை குறைவாகப் பதிவாவதற்கு அவர்களால் சொல்ல முடியாததே காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால், கிடைத்திருக்கும் சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன. அவர்கள் தங்களால் முடிந்த வழிகளில் சொல்கிறார்கள். அதைக் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் அந்தச் சொல்லை நோயின் அறிகுறியாகப் படித்துவிடுகிறார்கள். அப்படிப் படிப்பது அவர்களுக்கு எளிதாகவும், பல நேரங்களில் தேவையாகவும் இருக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். 2012இல் லான்செட் இதழில் லிசா ஜோன்ஸ் குழுவினர் 17 ஆய்வுகளைத் திரட்டி, 18,000க்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால், ஏதாவது ஒரு வகை வன்முறைக்கு ஆளாகும் சாத்தியம் இவர்களுக்குச் சுமார் 3.7 மடங்கு. மன, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பாலியல் வன்முறையின் சாத்தியம் சுமார் 4.6 மடங்கு. அதற்கு முன்பே, 2000இல், அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பேட்ரிசியா சல்லிவனும் ஜான் நட்சனும் 50,000க்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளின் பதிவுகளை, காவல்துறை மற்றும் சமூகநலத் துறைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். குறைபாடுள்ள குழந்தைகளில் 31 சதவீதத்தினர் துன்புறுத்தலுக்கு ஆளானதாகப் பதிவாகியிருந்தது. மற்ற குழந்தைகளில் அது 9 சதவீதம்தான். ஒமாஹா எண்களும் பதிவேட்டுக்கு வந்து சேர்ந்தவை மட்டுமே. வராதவை எத்தனை என்ற கேள்வி அப்போதும் அப்படியே இருந்தது.

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் தரும் ஆய்வு ஒன்று டென்னசி மாநிலத்திலிருந்து 2019இல் வந்தது. 2006இல் பிறந்த சுமார் 24,000 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, எட்டு வயதுக்குள் அவர்களில் யார் யாரைப் பற்றிக் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குப் புகார் வந்தது என்று ஃபிஷர் குழுவினர் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 17.2 சதவீதத்தினரைப் பற்றிப் புகார் வந்திருந்தது. மற்ற குழந்தைகளில் 7.4 சதவீதத்தினரைப் பற்றி. இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. மற்ற குழந்தைகளைப் பற்றிய புகார்களில் 90 சதவீதத்துக்கு மேல் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றிய புகார்களில் 62 சதவீதம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. கணினியும் தனித் துறையும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் உள்ள ஒரு நாட்டில், புகார் வந்து சேர்ந்த பிறகும் ஏறக்குறைய பத்தில் நான்கு வாசலிலேயே நின்றுபோயின. புகார் தருபவர் வாய் திறந்த பிறகு நடந்த இழப்பு இது. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்பதைக் காட்டி இதை விளக்கிவிட முடியாது.

இதற்கு எதிரான சான்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1990க்கும் 2010க்கும் இடையில் பிறந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை மிரியம் மக்லீன் குழுவினர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். அறிவுசார் குறைபாடும் நடத்தைச் சிக்கல்களும் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்று அதிலும் தெரிந்தது. ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் குறைவாகவே காணப்பட்டது. இதை வைத்து, ஆட்டிசக் குழந்தைகளைப் பெற்றோர் கூடுதல் அக்கறையோடு பார்த்துக்கொள்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று வாதிடலாம். அதில் ஒரு பகுதி உண்மையாகவும் இருக்கலாம். ஆட்டிசம் என்ற கண்டறிதல் வரை போகும் குடும்பங்கள் பொதுவாக விடாமல் அலையும் குடும்பங்கள்தாம். ஆனாலும் அங்கே எண்ணப்பட்டவை அரசுத் துறைக்கு வந்து பதிவான புகார்கள். புகார்களை வாசலில் வடிகட்டும் கை ஆட்டிசக் குழந்தைகளிடம் கூடுதலாக வேலை செய்கிறது என்பதை டென்னசி காட்டிய பிறகு, பதிவான எண்ணிக்கை குறைவாக இருப்பதை மட்டும் வைத்து நடந்தது குறைவு என்று முடிவுகட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. பாதிக்கப்பட்டவர்களையே நேரில் கேட்கும் ஆய்வுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. ஃபிரான்சில் 2022இல் ஆட்டிசம் உள்ள 225 பெண்களிடம் நடந்த ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தாமாக முன்வந்து இணையத்தில் பதில் சொன்னவர்கள் அவர்கள், ஆகவே அந்த எண்ணை எல்லோருக்கும் பொருத்துவது தவறு. ஆனால் ஸ்வீடனில், இரட்டையர் பதிவேட்டிலிருந்து எடுத்த இளம் பெண்களிடம் கேட்டபோதும், ஆட்டிசம் உள்ளவர்களிடம் கட்டாயப் பாலியல் அனுபவம் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகவே இருந்தது. தாமாக முன்வந்தவர்கள் என்ற குறையை அந்த ஆய்வின்மீது சொல்ல முடியாது.

சரி, சொல்கிறார்கள் என்றால் எப்படிச் சொல்கிறார்கள்? முதலில் உடம்பால். வேனைக் கண்டதும் ஓடி ஏறிய பிள்ளை ஒருநாள் வேன் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போகிறான். இரண்டு வருடமாக நின்றிருந்த படுக்கை நனைதல் திரும்ப வருகிறது. குளிக்க வைக்கும்போது இடுப்புத் துணியை விட மறுக்கிறான். கை மணிக்கட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறான். இதே மாற்றங்களை ஆட்டிசம் இல்லாத ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் பார்த்தால், அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு பாட்டியே ‘பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு, யாரு என்ன பண்ணாங்கன்னு கேளு’ என்று சொல்லிவிடுவார். ஆட்டிசப் பிள்ளையிடம் இவை எல்லாமே ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன: அடம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், வழக்கம் மாறினால் தாங்காமை. மருத்துவரிடம் போனால் ரிஸ்பெரிடோன் அளவு சற்றுக் கூடலாம். ஆட்டிசத்தோடு வரும் எரிச்சலுக்கு அந்த மருந்து 2006லேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, பலருக்கு உதவுகிறது, அதில் தவறில்லை. ஆனால் எரிச்சல் ஏன் இந்த மாதம் தொடங்கியது என்று கேட்காமல் அளவைக் கூட்டினால், அந்த மருந்துச் சீட்டு ஒரு புகாரை அடக்கிவிடுகிறது. ஒருவருக்கு முன்பே உள்ள ஒரு கண்டறிதல், அவரிடம் புதிதாகத் தோன்றும் எல்லாவற்றையும் தன் நிழலுக்குள் இழுத்துக்கொள்ளும் போக்கை 1980களின் தொடக்கத்திலேயே உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவரோடு பணியாற்றியவர்களும் சோதனைகளில் காட்டினார்கள். ஒரே மனநலச் சிக்கலை விவரித்து, அந்த நபருக்கு அறிவுசார் குறைபாடும் உண்டு என்று சேர்த்துச் சொன்னபோது, நிபுணர்களே அந்தச் சிக்கலை லேசாக எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே பெற்றோர்கள் எழுப்பும் ஆட்சேபம் நியாயமானது. நடத்தை மாறினாலே வன்முறை என்று எடுத்துக்கொண்டால் ஊரில் எந்தக் குடும்பமும் தப்பாது. பல்வலி, மலச்சிக்கல், காதுவலி, வலிப்பு, பருவ வயது மாற்றம், பக்கத்து வீட்டில் புதிதாகப் போட்ட போர்வெல்லின் இரைச்சல் என்று எதுவும் அதே மாற்றத்தைத் தரும். அதோடு, ஆட்டிசத்தின் வரலாற்றிலேயே தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கிறது. பாசமற்ற தாய்தான் காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1960களில் பரப்பிய கருத்தை ஒதுக்கித் தள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. நம் ஊர்களில் அதற்கு பெட்டல்ஹைம்கூடத் தேவைப்படவில்லை. ‘மாசமா இருக்கும்போது என்ன பண்ணினே’ என்ற கேள்வியை மாமியார் வீட்டில் கேட்காத தாய் குறைவு. அந்தத் தாயின்மீது இன்னொரு சந்தேகத்தை ஏற்றுவது கொடுமை என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது தீர்ப்பு எழுதுவதை அல்ல, விசாரிப்பதை. பல்லைப் பார்க்க வேண்டும், வயிற்றைப் பார்க்க வேண்டும், அதே வரிசையில் உடம்பில் காயம் உண்டா, எந்த ஆளைப் பார்த்தால், எந்த இடத்துக்குப் போனால் மாறுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு அந்தக் கடைசிக் கேள்வி பெரும்பாலும் வரிசையிலேயே இல்லை. மேலும், துன்புறுத்துபவரை அடையாளம் காண்பது தாய்க்கு எதிரான செயல் என்று நினைக்கத் தேவையில்லை. மாற்றத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான், அவர் சொன்னதை அடுத்த ஆள் கேட்காமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

பேச்சு வரும் பிள்ளைகளிடம் இழப்பு வேறு விதமாக நடக்கிறது. ஆட்டிசம் உள்ள பலர் கேட்ட சொற்களை அப்படியே திரும்பச் சொல்வார்கள், சில நேரம் உடனே, சில நேரம் பல நாள் கழித்து. ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு பிள்ளை வேறொருவர் குரலில் ‘சட்டையைக் கழட்டு, சத்தம் போடாதே’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால், வீட்டில் அதை டிவியில் கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அது சாட்சியம் என்று யாருக்கும் தோன்றாது. ‘நான்’, ‘நீ’ இடம் மாறுவதும் உண்டு. ‘உனக்கு வலிக்குது’ என்று பிள்ளை சொல்வது ‘எனக்கு வலிக்கிறது’ என்பதாக இருக்கும். அவனிடம் யாரோ கேட்ட கேள்வியின் வடிவத்திலேயே அவன் பதிலும் உறைந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் காவல் நிலையத்தில் ‘அவன் அடிச்சானா, அடிக்கலையா?’ என்று கேட்டால், கடைசியாகக் கேட்ட சொல்லையே திரும்பச் சொல்லும் பிள்ளை ‘அடிக்கலையா’ என்பான். வாக்குமூலத்தில் அது ‘அடிக்கவில்லை’ என்று இறங்கும். ‘அடிக்கலையா, அடிச்சானா?’ என்று கேள்வியின் வரிசையை மாற்றியிருந்தால் வழக்கே திசை மாறியிருக்கும். விசாரிப்பவர் கெட்ட எண்ணம் உள்ளவராக இருக்க வேண்டியதில்லை. எல்லோரிடமும் கேட்கும் மாதிரியே இவனிடமும் கேட்டார், அவ்வளவுதான்.

இங்கிருந்து, ஆட்டிசம் உள்ளவர்களின் நினைவையே நம்ப முடியாது என்ற முடிவுக்குப் பலர் தாவிவிடுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனில் கேட்டி மாராஸும் டெர்மட் பௌலரும் பல ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். பேசக்கூடிய ஆட்டிசப் பெரியவர்கள், பார்த்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது விவரங்களைக் குறைவாகச் சொன்னாலும், சொன்னவற்றின் துல்லியம் பெரும்பாலும் மற்றவர்களுக்குச் சமமாக இருந்தது. தவறான தகவலைப் புகுத்தினால் மற்றவர்களைவிட எளிதில் ஏமாறுவார்கள் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு நன்றாக உதவும் ஒரு விசாரணை முறை, அதாவது கண்ணை மூடி அந்த இடத்துக்கு மனதால் திரும்பப் போகச் சொல்லும் முறை, இவர்களிடம் தவறுகளைக் கூட்டியது. நிகழ்ச்சியை அவர்களாகவே சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தபோது சொல்வது மேம்பட்டது. இன்னொரு குழு, ஆட்டிசம் உள்ளவர்கள் எதிரில் இருப்பவரின் விருப்பத்துக்கு இணங்கிப் போகும் போக்கு கூடுதலாக உள்ளவர்கள் என்று கண்டது. ஆக, கேள்வி சரியாக இருந்தால் நினைவு தாங்கும். அதட்டிக் கேட்டால் இணக்கம்தான் கிடைக்கும். மேலும், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்கள் உணர்வுகளை இன்னதென்று அடையாளம் காண்பதே சிரமம். அழ வேண்டிய இடத்தில் அழாமல், கண்ணைப் பார்க்காமல், ஒரே குரலில், கையை ஆட்டிக்கொண்டு சொல்லும் ஒருவரைக் கேட்பவர்கள் பொய் சொல்கிறார் என்று நினைப்பதையும் 2021இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அந்தச் சோதனையில் அவர்கள் சொன்னது உண்மை. கேட்டவர்கள் எடுத்துக்கொண்ட உண்மையின் அடையாளங்கள் அவர்களிடம் இல்லை.

பொய்ப் புகார் வராதா என்ற கேள்விக்கு, வந்திருக்கிறது என்பதே நேர்மையான பதில். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பேசாத ஆட்டிசப் பிள்ளைகளின் கையை உதவியாளர் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் தட்டச்சு செய்ய வைக்கும் முறை பரவியது. அந்தத் தட்டச்சில் பெற்றோர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் வந்தன. குடும்பங்கள் பிரிந்தன. மெய்ன் மாநிலத்தில் ஒரு வழக்கில் ஹோவர்ட் ஷேன் என்ற நிபுணர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்: பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டினார். தட்டச்சில் வந்தது உதவியாளர் பார்த்த படம். 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரமில்லை என்று தீர்மானம் போட்டது. இந்த வரலாற்றைக் காட்டி ஆட்டிசப் பிள்ளைகளின் புகார்களையே ஒதுக்குவது பெரிய அநியாயம். அங்கே பொய்யாகப் பேசியது பிள்ளை அல்ல. அவன் கையைப் பிடித்திருந்த பெரியவரின் மனம், அவருக்கே தெரியாமல். பிள்ளைக்காகப் பேசும் ஆளைச் சோதிக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. அது குற்றம் சாட்டுபவருக்கும் பொருந்தும், ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று பிள்ளைக்காகச் சொல்லிவிடுபவருக்கும் பொருந்தும்.

இரண்டாவது வகை ஆள்தான் நம்மிடம் அதிகம். வெளிச்சத்துக்கு வந்த நிகழ்ச்சிகள் எப்படி வந்தன என்று பார்த்தால் இது புலப்படும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, பொன்னமராவதிக்குத் தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி அன்று பூட்டப்பட்டதல்ல. அங்குள்ள தர்காவுக்கு வந்துபோன எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். தீ வந்த பிறகே அது செய்தியானது. 2018இல் சென்னை அயனாவரத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த ஒரு சிறுமியை அங்கே வேலை செய்தவர்கள் மாதக்கணக்கில் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த நெருங்கிய உறவினர் ஒருவரிடம் அவள் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 17 பேர்மீது வழக்கு நடந்து, 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமத்தில் அதிகாரிகள் நுழைந்ததற்குக் காரணம், காணாமல் போன ஒருவரைத் தேடி அவருடைய உறவினர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு. அதன் பிறகே பாலியல் குற்றச்சாட்டு வரை வெளியே வந்தது, 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களை ஊழியர்கள் அடித்ததை 2011இல் பிபிசியின் ரகசியக் கேமரா காட்டியது. அதற்கு முன்பே ஒரு மூத்த செவிலியர் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தகவல் சொல்லியும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இந்த நான்கில் கடைசி ஒன்றுதான் நேரடியாக ஆட்டிசத்தைத் தொட்டது என்பது உண்மைதான். ஆனால் நான்கிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. அன்றாடம் அருகில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் வழியாக மட்டும் எதுவும் வெளிவரவில்லை. அந்த அன்றாட வட்டத்துக்குள் இல்லாத ஒருவர், அல்லது ஒரு விபத்து, உள்ளே நுழைந்தபோதுதான் வந்தது.

வட்டத்துக்குள் இருப்பவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதைக் கல்நெஞ்சம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. பொன்னமராவதி மாதிரி ஓர் ஊரில், இப்படிப்பட்ட பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடமோ ஓர் ஆளோ கிடைப்பதே அரிது. அந்த ஆளைப் பற்றிப் புகார் கொடுத்தால் நாளையிலிருந்து அம்மா வேலைக்குப் போக முடியாது. துன்புறுத்தியவர் சொந்தக்காரராக இருந்தால், அக்காவின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்ற பயம். பிள்ளையை அடித்தது அப்பாவாகவே இருந்தால், அவர் அனுப்பும் பணத்தில்தான் சிகிச்சையே நடக்கிறது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் எவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவு, தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஆனால் அந்தத் தண்டனைப் பயத்தைவிட, ஒரே ஆதரவை இழக்கும் பயம் பெரிது. ஆகவே ‘அவனுக்கு என்ன தெரியும், மறந்துடுவான்’ என்ற சொல் பிறக்கிறது. அறிவியல் இங்கே உறுதியாக மறுக்கிறது: பேச்சு இல்லாததால் நினைவு இல்லாமல் போவதில்லை. அந்த வேன் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போகும் உடம்பே அதைச் சொல்கிறது.

பிள்ளையை வளர்க்கும் முறையிலும் நாம் அவன் கையிலிருந்த ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிவிடுகிறோம். பயிற்சி என்ற பெயரில் ‘சொன்னபடி கேள், கையைக் கொடு, அசையாதே, மாமாவுக்கு முத்தம் கொடு’ என்று பல வருடம் பழக்குகிறோம், இணங்கினால் சாக்லேட். ‘வேண்டாம்’ என்று தள்ளிவிடும் கைக்கு ஒருநாளும் பரிசு கிடைப்பதில்லை. படம் காட்டித் தேவையைச் சொல்லும் அட்டைகளில் தண்ணீர், பசி, கழிப்பறை, ஊஞ்சல் இருக்கும். மறைவுறுப்புகளின் படமும், ‘நிறுத்து’ம், ‘இவர் வேண்டாம்’ என்பதும் பெரும்பாலும் இருக்காது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசுகிறது. அதில் எந்தச் சொற்களைச் சேர்ப்பது என்பது வீட்டாரும் ஆசிரியரும் எடுக்கும் முடிவு. கூச்சத்தால் ஒரு சொல்லை விட்டுவிட்டால், அந்தச் சொல்லில் சொல்ல வேண்டிய புகாரும் விட்டுப்போகும். கனடாவில் 2014இல் வெளியான பிரவுன்-லவாய் குழுவின் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கூடுதலாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாவதற்கு, பாலியல் பற்றிய அறிவு அவர்களுக்குக் குறைவாகக் கிடைப்பது ஒரு பகுதிக் காரணம் என்று தெரிந்தது. மற்ற பிள்ளைகள் கூட்டாளிகளிடமிருந்து தெரிந்துகொள்வது இவர்களுக்கு வந்து சேர்வதே இல்லை. சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவான் என்ற பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் சொல்லிக்கொடுக்காததன் விலை எங்கே விழுகிறது என்பதை இந்த எண்கள் காட்டிவிட்டன.

சட்டம் இதையெல்லாம் அறியாமல் இல்லை. 2013 குற்றவியல் திருத்தத்துக்குப் பிறகு, பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறன் பெண்ணின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, சிறப்பாசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில், வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். போக்சோவும் குழந்தைகளுக்கு இதே உதவியைத் தருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதன் 92ஆம் பிரிவு கொடுமைகளுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை தண்டனை தருகிறது. 2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தைத் தாழ்ந்ததாகக் கருதக் கூடாது என்று தெளிவாகச் சொன்னதோடு, குற்ற ஆவணக் காப்பகம் பாதிக்கப்பட்டவரின் குறைபாட்டையும் ஒரு விவரமாகச் சேர்க்க யோசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் எண்ணப்பட்டார்கள். ஆட்டிசத்துக்கு அதில் தனிப் பத்தி கிடையாது. எத்தனை பேர் என்றே தெரியாத இடத்தில், எத்தனை பேர்மீது வன்முறை என்று கேட்டால் பதில் வராது. ஆனால் சட்டத்தில் சொன்ன அந்தச் சிறப்பாசிரியர் கற்பனை ஆள் இல்லை. பொன்னமராவதி ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம் உண்டு. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்குச் சிறப்பாசிரியர்கள் போய்ப் பயிற்சி தருகிறார்கள். தொகுப்பூதியத்தில், பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் போகும் அவர்கள்தாம் அந்தப் பிள்ளையின் பேச்சைப் படிக்கத் தெரிந்த, அந்த வீட்டின் சோற்றை நம்பி வாழாத ஆட்கள். அவர்களுடைய வருகைக் குறிப்பில், பிள்ளையோடு தனியாகப் பத்து நிமிடம் இருந்தாரா, உடம்பில் புதுக் காயம் உண்டா, யாரைக் கண்டு ஒதுங்குகிறான் என்ற மூன்று விவரங்களைச் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். அதோடு, அவர் எழுதியதை எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்கும் கடமை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் குடும்பத்தின் கோபத்தை அவர் தனியாகச் சுமக்க நேரும்.

18 வயதானதும் இந்தக் கொஞ்சப் பாதுகாப்பும் போய்விடுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் வருகை நின்றுவிடும். 2017இல் உச்ச நீதிமன்றம், போக்சோவில் வயது என்பது உடல் வயதுதான், மன வயது அல்ல என்று தீர்ப்பளித்துவிட்டதால், கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் அந்த வயதோடு விலகுகிறது. பெண்ணாக இருந்தால் வன்புணர்வுச் சட்டம் உண்டு. ஆட்டிசம் கண்டறியப்படுபவர்களில் பெரும்பான்மையோ ஆண்கள். வயதுவந்த ஓர் ஆண்மீது நடக்கும் வன்புணர்வுக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவே இல்லை. தன் ஆதிக்கத்தில் இருப்பவரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதைப் பற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் உட்பிரிவும் குழந்தை, பெண் என்று மட்டுமே சொல்கிறது. மிஞ்சுவது 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம். அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு, ஆட்டிசம் உள்ள பெரியவருக்குப் பாதுகாவலரை நியமிக்கிறது. பெரும்பாலும் அப்பா, அம்மா, அண்ணன். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அந்தப் பாதுகாவலர் அவருடைய அசையாச் சொத்துகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் சொத்துக் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு கேட்கிறது. அந்த மனிதர் எப்படி இருக்கிறார், வீட்டுக்கு வெளியே உள்ள யாராவது கடந்த ஒரு வருடத்தில் அவரைத் தனியாகச் சந்தித்தார்களா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. நிலத்தின் கணக்கை வாங்கும் அதே நாளில், அதே குழுவே ஒருவரை அனுப்பி அவரையும் பார்த்துவர முடியும். அதற்குப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு பஸ் பயணம் போதும்.